மர்மக் கதையைச் சொல் பிடித்துப் படிப்பது எப்படி

மர்மக் கதையின் நடுவில் வழி தவறிப்போகும் வாசகர்கள் பெரும்பாலும் கதைப்பின்னலின் மீதே பழி போடுகிறார்கள். ஆனால், ஒன்றுபோலத் தோன்றும் சில சொற்களை ஒன்றாகவே கொண்டு கடந்துவிடுவதுதான் பல நேரங்களில் அவர்களைத் தடுமாற வைக்கிறது.

முதலில் தடயம், துப்பு, சான்று என்ற மூன்றையும் பிரித்தறியப் பழக வேண்டும். குற்றம் நடந்த இடத்தில் எஞ்சி நிற்கும் பொருளோ அடையாளமோ தடயம்; விடையை நோக்கி நம்மை நகர்த்துவது துப்பு; ஒன்றை நிறுவப் பயன்படுவது சான்று. அறையில் கிடக்கும் சிகரெட் துண்டு ஒரு தடயம். அந்த வீட்டில் புகைப்பவர் எவருமில்லை என்று தெரியவரும்போது அதே துண்டு துப்பாகிறது. அதிலுள்ள எச்சில் இன்னாருடையது என்று ஆய்வில் உறுதியானால் அது சான்றாகிறது. அப்போதும் அந்தத் துண்டு அவர் வாயில் இருந்தது என்பதற்குத்தான் சான்றே தவிர, கொலை செய்தார் என்பதற்கு அன்று. துப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘க்ளூ’ நூல்கண்டைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து வந்தது. கிரேக்கப் புராணத்தில் தீசியஸ் சிக்கலான சுழல்வழியிலிருந்து நூலைப் பிடித்துக்கொண்டுதான் வெளியேறினான். வழி காட்டுவதுதான் துப்பு, அது பொருளாக இருக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். யாரோ வாய்தவறிச் சொன்ன ஒரு வார்த்தையும் துப்புதான்.

ஆட்களைக் குறிக்கும் சொற்களிலும் இத்தகைய படிநிலை உண்டு. சந்தேகத்துக்குரியவர், குற்றம் சாட்டப்பட்டவர், குற்றவாளி என்பவை மூன்று வெவ்வேறு நிலைகள். விசாரணை தொடங்கும் முன்பே ஒரு பாத்திரம் மற்றவரைக் குற்றவாளி என்று அழைத்தால், அவருக்கு ஏன் இந்த அவசரம் என்று கேட்டுப் பாருங்கள். வாக்குமூலம் என்றாலே குற்றத்தை ஒப்புக்கொள்வது என்று பலர் எண்ணுகிறார்கள். அது ஒருவர் தாம் அறிந்ததைப் பதிவு செய்வது மட்டுமே, ஒப்புக்கொள்வது ஒப்புதல் வாக்குமூலம். குற்றம் நடந்த நேரத்தில் தாம் வேறோரிடத்தில் இருந்ததாகக் காட்டுவதை அலிபி என்பார்கள்.

பெயர்ச்சொற்களைவிட வினைமுற்றுகளே வாசகரை அதிகம் ஏமாற்றுகின்றன என்பது என் அனுபவம். இந்தச் சிறு பகுதியைப் பாருங்கள்: “காலையில் வேலையாள் அறைக்குள் நுழைந்தபோது ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்தது. முதலாளி இரவு பத்து மணிக்கே உறங்கப் போய்விட்டாராம். தோட்டத்தில் யாரோ நடந்ததுபோல் இருந்தது என்றாள் சமையற்காரி. திருடன் அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்றார் மருமகன்.”

‘உடைந்திருந்தது’ என்பது தன்வினை. உடைத்தவர் யார், உள்ளிருந்தா வெளியிலிருந்தா என்பதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. ‘போய்விட்டாராம்’ என்பதிலுள்ள ‘ஆம்’ பிறர் சொல்லக் கேட்ட செய்தி என்பதற்கு அடையாளம். ஆகவே பத்து மணி என்ற கணக்கு யாரிடமிருந்து தொடங்கியது என்று தேட வேண்டும். ‘நடந்ததுபோல்’ என்றவள் கண்டாளா, ஓசையை மட்டும் கேட்டாளா என்பது தெரியவில்லை. ‘வந்திருக்க வேண்டும்’ என்பது ஊகம். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, பொருள் எதுவும் களவு போனதாக ஒருவரும் சொல்லாதபோது, திருடன் என்ற சொல்லை மருமகன் கொண்டுவந்தது.

இப்படிப் படிப்பது மிகைப்பட்ட ஐயமன்று. 1929இல் ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்கு வகுத்த பத்து விதிகளுள் எட்டாவது, துப்பறிபவர் கண்டெடுக்கும் துப்புகளை உடனே வாசகர் முன்னும் வைத்தாக வேண்டும் என்கிறது. நேர்மையான எழுத்தாளர் பொய் சொல்வதில்லை. இத்தகைய வினைமுற்றுகளுக்குள் உண்மையை மறைத்து வைக்கிறார், கவனத்தைத் திசைதிருப்ப வேறொன்றைப் பளிச்சென்று காட்டுகிறார்.

படிக்கும்போது ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு பாத்திரத்தின் பெயருக்கு எதிரே அவர் சொன்னதை அதே வினைமுற்றோடு எழுதி, பக்கத்தில் கண்டது, கேட்டது, ஊகித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். தெரியாத சொல் வரும்தோறும் அகராதியைத் திறக்க வேண்டாம். நஞ்சின் பெயரும் துப்பாக்கியின் உறுப்பும் விளங்காவிட்டாலும் கதை நகரும். உயில், வாரிசு, தத்து, பங்காளி, அடமானம் போன்ற சொற்களில் மட்டும் நின்று பொருள் தெளிந்துகொள்ளுங்கள், ஏனெனில் கொலைக்கான நோக்கம் பெரும்பாலும் அங்கேதான் பதுங்கியிருக்கும்.

குற்றவாளி யார் என்று தெரிந்த பிறகு முதல் அத்தியாயத்தை மட்டும் மீண்டும் படியுங்கள். அவர் பேசிய ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘ஆம்’, ‘போல’, ‘இருக்கலாம்’ எங்கே வருகின்றன, எங்கே வர வேண்டியும் வராமல் போயிருக்கின்றன என்று பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள்.