கல்யாண பேண்டு செட்டில் கிளென் மில்லர் ஒலி

முதல் குழு தேறாமல் போக, 1938-இல் புதுக்குழு கட்டிய அமெரிக்க ஜாஸ் இசைக்குழுத் தலைவர் கிளென் மில்லர், மெட்டைக் கிளாரினெட்டிடம் கொடுத்தார். ஈரோடு, கோபி பக்கத்து பேண்டு செட்டிலும் இது நடக்கும்.

ஒரு கிளாரினெட், இரண்டு ஆல்ட்டோ சாக்ஸ் (சாக்ஸபோன்), அதைவிடப் பெரிய டெனர் சாக்ஸ் இரண்டு வேண்டும். கிளாரினெட்டும் டெனரும் பி பிளாட் வாத்தியங்கள், அதாவது இரண்டுக்கும் அடிப்படைச் சுருதி பி பிளாட். முதல் டெனர் கிளாரினெட்டின் இசைத்தாளையே பார்த்து வாசித்தால் போதும், ஒரு ஸ்தாயி கீழே தானாக ஒலிக்கும். மற்ற மூன்றும் இடையிலுள்ள ஸ்வரங்களை நிரப்பட்டும். ஆல்ட்டோ ஈ பிளாட். அதற்குத் தனித்தாள் எழுதணும், மறந்தால் கச்சேரி கந்தல்தான்.

சித்திரை வெயிலில் கிளாரினெட் சுருதி ஏறும். ஊதுவாய்க்கு அடுத்த குழாய்த் துண்டான பேரலை ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுங்கள். மைக்கை அடிவாய்க்கு வைக்காமல், விரல் துளைகளுக்கு நேராக ஒரு சாண் தள்ளி வையுங்கள். டிரம்ஸ்காரரை அடக்கி வாசிக்கச் சொல்லுங்கள், கேட்பாரா என்பது வேறு விஷயம்.