கிழக்குத் திமோருக்குப் போகிறீர்களா? சில்லறையோடு போங்கள்

கிழக்குத் திமோருக்குப் போகும்போது 1, 5 டாலர் நோட்டுகளாக நிறைய வைத்துக்கொள்ளுங்கள். 2006க்கு முந்தைய நோட்டு வேண்டாம், பல இடங்களில் வாங்கமாட்டார்கள். அங்கே புழங்குவது அமெரிக்க டாலர்தான். சில்லறைக்கு மட்டும் அவர்களுடைய சென்டாவோ நாணயம். தலைநகர் டிலியில் ‘மிக்ரோலெட்’ என்கிற சிறிய வேனில் போக சில்லறைக் காசே போதும். அதற்கு 20 டாலரை நீட்டினால் மீதி கிடைப்பது கஷ்டம். இறங்கும் இடம் வந்ததும் கையிலிருக்கும் நாணயத்தால் கம்பியில் தட்டுங்கள், வண்டி நிற்கும். அந்த ‘டிக் டிக்’ சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்!

பெரிய ஹோட்டல், சூப்பர் மார்க்கெட் என்றால் இந்தக் கவலை இல்லை. பெரிய நோட்டை அங்கேயே மாற்றிவிடலாம். அப்புறம், சென்டாவோ வெளிநாட்டில் செல்லாது, கிளம்பும் முன் செலவழித்துவிடுங்கள்.