எந்த நூறு கிராம்? ஆன்லைனில் ஊட்டச்சத்தியல் படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

“காலை: இட்லி 4, சாம்பார் தேவையான அளவு, காபி 1.”

போன பருவத்தில் என்னிடம் திருத்த வந்த ஓர் உணவுக் குறிப்பேட்டின் முதல் வரி இது. மூன்று நாள் சாப்பிட்டதையெல்லாம் எழுதி, அதிலிருந்து ஆற்றல், புரதம், இரும்புச்சத்து எவ்வளவு கிடைத்தது என்று கணக்குப் போட வேண்டும். எழுதிய பெண் கெட்டிக்காரி. வாராந்திரத் தேர்வுகளில் பத்துக்குப் பத்து வாங்குகிறவள். ஆனால் ‘தேவையான அளவு’ சாம்பாரை எந்த அட்டவணையில் தேடுவது?

அடிப்படை ஊட்டச்சத்தியல் பாடத்துக்கு எல்லாருமே ‘பாதி தெரியும்’ என்ற தைரியத்தோடுதான் வருகிறார்கள். தினம் மூன்று வேளை சாப்பிடுகிறோம், வீட்டில் சமைக்கிறோம், வாட்ஸ்அப்பில் பத்து செய்தி படித்திருக்கிறோம். வேதியியலுக்கோ கணக்குப்பதிவியலுக்கோ இந்தத் தைரியம் வராது. கவிழ்த்துவிடுவதும் அந்தத் தெரிந்த பாதிதான். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே: ஓர் எண்ணைப் பார்த்ததும் ‘எதில் இவ்வளவு?’ என்று கேட்காமல் அப்படியே எடுத்து எழுதிவிடுவது.

அரிசியா, சோறா?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவு உள்ளடக்க அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன. இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு இதுதான் கைப்புத்தகம். இதில் தானியம், பருப்பு, காய் எல்லாவற்றுக்கும் எழுதியிருப்பது சமைக்காத 100 கிராமின் மதிப்பு. மாணவர்கள் வழுக்குவது இங்கேதான்.

தட்டில் இருந்த சோறு 200 கிராம் என்று வையுங்கள். அட்டவணையில் ‘அரிசி’ என்று தேடினால் 100 கிராமுக்கு 356 கிலோகலோரி. இரண்டால் பெருக்கி 712 என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் வெந்த சோற்றில் பெரும்பங்கு தண்ணீர். 100 கிராம் சோற்றில் சுமார் 130 கிலோகலோரிதான் தேறும். அதாவது உண்மையான கணக்கு 260. ஒரு வேளைக்கு 450 கிலோகலோரி பிசகு. இரண்டு வேளை சோறு சாப்பிடுகிறவர் என்றால் நாளுக்கு 900. அப்புறம் முடிவுரையில் “இவர் தேவைக்கு அதிகமாக உண்கிறார்” என்று ஒரு வரி. பாவம், அவர் சாப்பிட்டதே இரண்டு கரண்டி.

பருப்பில் இதே பிசகு இன்னும் வேடிக்கையாக நடக்கும். துவரம் பருப்பில் 100 கிராமுக்கு 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, “சாம்பார் தினமும் சாப்பிடுவதால் புரதத் தேவை பூர்த்தியாகிறது” என்று எழுதுவார்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மதியத்துக்கும் இரவுக்கும் சேர்த்து 100 கிராம் பருப்பு போட்டு சாம்பார் வைத்தால், ஆளுக்கு வேளைக்கு மூன்று கிராம் புரதம்கூட வராது.

அட்டவணையை விட்டு வெளியே வந்தாலும் இந்தக் கேள்வி விடாது. முருங்கை இலைப் பொடி விற்கிறவர்கள் “பாலைவிட 17 மடங்கு கால்சியம்” என்கிறார்கள். பொய் என்று சொல்லிவிட முடியாது. காய்ந்த பொடி 100 கிராமையும் பால் 100 கிராமையும் ஒப்பிட்டால் கிட்டத்தட்ட அப்படி வரலாம். பச்சை இலையில் முக்கால் பங்கு தண்ணீர். உலர்த்தினால் மிச்சமெல்லாம் செறிந்துவிடும். ஆனால் பொடியை யாராவது 100 கிராம் சாப்பிடுகிறார்களா? ஒரு டீஸ்பூன், மிஞ்சிப்போனால் 3 கிராம். பாலில் 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் கால்சியம் என்று கொண்டால், பொடியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 2,000 மில்லிகிராம். 3 கிராமில் 60. 50 மில்லி பாலுக்குச் சமம். முருங்கைக்கீரை நல்ல கீரைதான், நானும் வாரம் இருமுறை சமைக்கிறவள்தான். 17 மடங்கு என்ற எண்ணைத்தான் நம்ப வேண்டாம்.

சமைக்காத மதிப்பை வைத்துக் கணக்குப் போடும்போது சமையலில் போனதையும் நினைக்க வேண்டும். அரிசியை நாலு முறை அலசி, கஞ்சியை வடித்துக் கொட்டினால், நீரில் கரையும் பி1 வைட்டமின் அதோடு போய்விடும். இதற்கு நம் ஊர்ப்பக்கமே ஒரு வரலாறு உண்டு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தொடங்கியது ஐதராபாத்தில் அல்ல, குன்னூரில். 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய அமைத்த சின்ன ஆய்வுக்கூடம் அது. தீட்டிய பச்சரிசியை நம்பியிருந்தவர்களிடம் பெரிபெரி தலைகாட்டியது. புழுங்கலரிசி சாப்பிட்டவர்கள் தப்பித்தார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. வெளிநாட்டுப் பாடநூலில் பெரிபெரி என்றதும், ஜாவாவில் கோழிகளை வைத்து இந்த நோயை ஆராய்ந்த எய்க்மான்தான் வருவார். குன்னூரையும் சேர்த்து எழுதுகிற மாணவருக்கு நான் அரை மதிப்பெண் கூடப் போடுவேன்.

சாம்பார்ப் பெண்ணின் அடுத்த குறிப்பேடு எப்படி இருந்தது தெரியுமா? “சாம்பார் – எங்கள் வீட்டுக் குழிக்கரண்டியில் 1, 80 கிராம். காபி – 120 மில்லி, சர்க்கரை 2 ஸ்பூன், 9 கிராம்.” ஓரத்தில் பென்சிலால்: “அம்மா கேட்டாங்க, எதுக்குடி சாம்பாரை நிறுத்துப் பாக்கறேன்னு.” வீட்டுக் கரண்டியையும் டம்ளரையும் ஒரே ஒரு முறை சமையலறைத் தராசில் அளந்து எழுதி வைத்துக்கொண்டால் பருவம் முழுக்க உதவும். எண்ணெயை மட்டும் கரண்டியால் பிடிக்க முடியாது. மாதக் கணக்குதான் சரி. நாலு பேருக்கு மாதம் நாலு லிட்டர் என்றால், லிட்டருக்கு 910 கிராம் வீதம் ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராம் வருகிறது, 270 கிலோகலோரி. எந்தக் குறிப்பேட்டிலும் இந்த 270 தானாக வந்து உட்காராது.

சதவீதம் செய்யும் மாயம்

டோன்டு பால் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம் என்று போட்டிருக்கும். “இந்தப் பாலின் ஆற்றலில் எத்தனை சதவீதம் கொழுப்பிலிருந்து வருகிறது?” என்று கேட்டால், வகுப்பில் பாதிப்பேர் 3 என்பார்கள். போட்டுப் பார்ப்போம். 100 மில்லியில் கொழுப்பு 3 கிராம், புரதம் சுமார் 3, பாலின் சர்க்கரையான லாக்டோஸ் 4.7. கொழுப்புக்குக் கிராமுக்கு 9 கிலோகலோரி, மற்ற இரண்டுக்கும் 4. ஆக 27, 12, 19, மொத்தம் 58. இதில் 27 என்பது சுமார் 47 சதவீதம். எடையில் 3, ஆற்றலில் 47, இரண்டும் உண்மைதான். வித்தியாசம் தண்ணீரால் வந்தது. அதற்கு எடை உண்டு, ஆற்றல் இல்லை. ‘97 சதவீதம் கொழுப்பற்றது’ என்ற விளம்பரம் எப்படிப் பிழைக்கிறது என்பது இதைப் போட்டுப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

கலோரி, கிலோகலோரி குழப்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேச்சில் ‘கலோரி’ என்பது பெரும்பாலும் கிலோகலோரிதான். விடைத்தாளில் கிலோ என்று எழுதுங்கள். கிலோஜூலில் கேட்டால் 4.184ஆல் பெருக்குங்கள். உப்பும் சோடியமும் ஒன்றல்ல: 5 கிராம் உப்பில் சோடியம் 2 கிராம்தான்.

‘பரிந்துரை அளவு’ யாருக்கு?

நல்ல மாணவர்களும் சறுக்கும் இடம் இது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020இல் வெளியிட்ட பட்டியலில் புரதத்துக்கு இரண்டு எண்கள் உண்டு. உடல் எடையில் கிலோவுக்கு 0.66 கிராம் என்பது சராசரித் தேவை, 0.83 என்பது பரிந்துரை அளவு. முதலாவது, ஆரோக்கியமான நூறு பேரில் ஐம்பது பேருக்குப் போதும். இரண்டாவது, தொண்ணூற்றேழு பேருக்குமேல் போதும்படி வேண்டுமென்றே தூக்கி வைத்த எண்.

55 கிலோ பெண்ணுக்குப் பரிந்துரை அளவு 45.7 கிராம். அவர் 42 கிராம் சாப்பிட்டார் என்று வந்ததும், “புரதக் குறைபாடு உள்ளது” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லவே முடியாது. அவருடைய சொந்தத் தேவை என்னவென்று நமக்குத் தெரியாது. சராசரித் தேவையான 36க்கு மேலேயே சாப்பிட்டிருக்கிறார். “போதாமல் இருக்கும் வாய்ப்பு குறைவு” என்பதுதான் சரியான வாக்கியம். மூன்று நாள் குறிப்பேட்டை வைத்து யாருக்கும் குறைபாடு என்று முத்திரை குத்தக் கூடாது. அதற்கு ரத்தப் பரிசோதனையும் உடல் அறிகுறிகளும் வேண்டும்.

ஆற்றலுக்கு மட்டும் இப்படித் தூக்கி வைத்த எண் கிடையாது, சராசரி மட்டுமே உண்டு. ஏன் என்று தேர்வில் கேட்பார்கள். புரதமோ வைட்டமின் சி-யோ கொஞ்சம் கூடினால் உடல் சமாளித்துக்கொள்ளும். ஆற்றலை எல்லாருக்கும் கூட்டிப் பரிந்துரைத்தால் ஊரே பருத்துவிடும்.

அமெரிக்கக் கல்லூரிப் பாடம் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வயது வந்த பெண்ணுக்கு இரும்புச்சத்து அங்கே 18 மில்லிகிராம், இந்தியாவில் 29. நம் பெண்களின் உடல் வேறு மாதிரி செய்யப்பட்டதல்ல. தானியமும் பருப்பும் கீரையும் தரும் இரும்பு, இறைச்சி தரும் இரும்பைப் போல எளிதாக உறிஞ்சப்படுவதில்லை. அதனால் தட்டில் அதிகம் இருக்க வேண்டியிருக்கிறது. எந்த நாட்டுப் பாடமோ அந்த நாட்டுப் பட்டியலை வைத்தே விடை எழுதுங்கள், ஆனால் இரண்டையும் ஒரே விடையில் கலக்காதீர்கள். உடல் நிறைக் குறியீட்டிலும் (பிஎம்ஐ) இதே சிக்கல்: உலக அளவில் 25க்கு மேல் அதிக எடை, இந்தியர்களுக்கு நம் மருத்துவர்கள் 23 என்று வைத்திருக்கிறார்கள்.

கேரட்டும் புகைபிடிப்பவர்களும்

கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் தருவது பீட்டா கரோட்டின். “பீட்டா கரோட்டின் நிறைந்த உணவு உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு” என்று கவனிப்பு ஆய்வுகள் காட்டின. அதிலிருந்து “பீட்டா கரோட்டின் புற்றுநோயைத் தடுக்கும்” என்று தாவுவது எவ்வளவு இயல்பாக இருக்கிறது, பாருங்கள். பின்லாந்தில் 29,000 ஆண் புகைப்பழக்கக்காரர்களை வைத்துச் சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தது: பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்த இதே போன்ற ஒரு சோதனையை 1996இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். விடைத்தாளில் ‘தொடர்பு உள்ளது’ என்பதற்கும் ‘காரணம்’ என்பதற்கும் நடுவே நான் சிவப்பு மையால் வட்டம் போடுவது இந்தக் கதையை நினைத்துத்தான்.

ஆன்லைன் என்பதால் மட்டும் வரும் தவறுகள்

ஒரு மாணவி தன் போன் கேலரியைக் காட்டினாள். 200க்கு மேல் ஸ்கிரீன்ஷாட். விரிவுரையில் வந்த ஒவ்வொரு ஸ்லைடும் அதில் இருந்தது. ஒன்றைக்கூடத் திரும்பத் திறக்கவில்லை. எடுத்து வைத்துவிட்டோம் என்ற நிம்மதியே படித்துவிட்டோம் என்ற நிம்மதியாக மாறிவிடுகிறது. ஒன்றரை மடங்கு வேகத்தில் வீடியோ ஓட்டுவதும் இந்த ரகம்தான். வரலாற்றுப் பகுதியை அப்படி ஓட்டலாம். கொழுப்பு அமிலம் குடலில் எப்படி உறிஞ்சப்படுகிறது என்ற பகுதியில் வீடியோவை நிறுத்தி, மூடி, வெற்றுத்தாளில் படம் போட்டுப் பாருங்கள். பித்தநீரை எங்கே வரைவது என்று கை நிற்கும். அங்கிருந்து படிக்கத் தொடங்க வேண்டியதுதான்.

வாராந்திரத் தேர்வைப் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம் என்பதால் அந்த மதிப்பெண்ணை நம்பாதீர்கள். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் ஆன்லைன் பாடங்களில் அது 25க்குத்தான். மீதி 75 தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதுவது. 25க்கு 10, 75க்கு 30 என்று தனித்தனியே தேற வேண்டும். வாரத் தேர்வில் 25 வாங்கிவிட்டு மையத்தில் 28 எடுத்தவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது. இந்தப் பாடங்கள் வரும் மத்திய அரசுத் தளமான ஸ்வயத்தில் பாடத்தில் சேருவது இலவசம், தேர்வுக்குத் தனியே பதிந்து கட்டணம் கட்ட வேண்டும். சேர்ந்ததே போதும் என்று இருந்துவிட்டு கடைசித் தேதியைக் கோட்டைவிடுகிறவர்கள் பருவத்துக்குப் பருவம் உண்டு. கல்லூரிப் பட்டத்தில் கிரெடிட் சேர்க்க எண்ணமிருந்தால், யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 40 சதவீதம் வரை அனுமதித்தாலும், உங்கள் துறைத்தலைவரிடம் சேருவதற்கு முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் “இந்தப் பாடம் நம் பட்டியலில் இல்லையேம்மா” என்பார்கள்.

இன்னொரு தவறு பாடம் பாதி நடக்கும்போதே தொடங்கிவிடும். வீட்டில் விஷயம் பரவி, சொந்தக்காரர்கள் டயட் சார்ட் கேட்க ஆரம்பிப்பார்கள். எட்டு வாரப் பாடம் ஆரோக்கியமான உடலைப் பற்றியது, நோயாளியைப் பற்றியது அல்ல. இளநீர் நல்லது என்று படித்திருப்பீர்கள். ஒரு இளநீரில் அரை கிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது, சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு அது ஆபத்தாகலாம். கீரை நல்லது என்று படித்திருப்பீர்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் திடீரென்று கீரையைக் கூட்டினால், அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் கெடுக்கும். “டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க சித்தப்பா” என்று சொல்லிவிடுங்கள். ஆசை அடங்காவிட்டால், அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளில் பொட்டாசியத்தை எந்த அலகில் எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.