வாசனைக் கிழங்குகளைத் தொட்டியில் நடுங்கள், மற்றதை மண்ணில்

குளிர் தாங்கும் பூக்கிழங்குகளை வளர்க்கக் கைராசி எதுவும் வேண்டாம். டாஃபடில், துலிப், ஹயசிந்த் எல்லாம் நம் கைக்கு வரும்போதே அந்த வருஷத்துப் பூவை உள்ளே மடித்து வைத்துக்கொண்டுதான் வருகின்றன. நம்பிக்கை இல்லையென்றால் ஒரே ஒரு ஹயசிந்த் கிழங்கைத் தியாகம் செய்து நெடுக்காக வெட்டிப் பாருங்கள். வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கான செதில்களுக்கு நடுவே, குட்டிக்குட்டி மணிகளாக, முழுப் பூங்கொத்தும் வெளிறிய நிறத்தில் சுருண்டு கிடக்கும். அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும், நம் வேலை அவ்வளவுதான்.

வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நடும்போதும்தான். ஹயசிந்த் தோலில் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் ஊசி ஊசியாக இருப்பதால் கை அரிக்கும். அந்தக் கையோடு கழுத்தைச் சொறிந்தால் கழுத்தும் அரிக்கும், எனக்கு அது நடந்திருக்கிறது. கிழங்குகள் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுக் கையாண்டால் தூசி பறக்காது.

வாங்கும்போது உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக, அளவுக்கேற்ற எடையோடு இருக்க வேண்டும். வேர் விடும் அடித்தட்டு மெத்தென்று அமுங்கினால் அது அழுகல், விட்டுவிடுங்கள். மேல்தோல் உரிந்திருந்தால் பரவாயில்லை.

இலையுதிர் காலத்தில் மண் நன்றாகக் குளிர்ந்த பிறகு நடுங்கள். கிழங்கின் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் வேண்டும், அதாவது 5 செ.மீ. கிழங்குக்கு 10 முதல் 15 செ.மீ. குழி. கூர்முனை மேலே இருக்கட்டும், தவறித் தலைகீழாக விழுந்தாலும் தண்டு வளைந்து எப்படியோ வெளியே வந்துவிடும், கொஞ்சம் தாமதமாக. இவற்றுக்குக் குளிர் எதிரி இல்லை, தேங்கும் தண்ணீர்தான் எதிரி. களிமண்ணாக இருந்தால் மேடு கட்டி நடுங்கள்.

குளிர்காலமே சரியாக வராத இடமா? கிழங்கைக் காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் 12 முதல் 14 வாரம் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். பக்கத்தில் பழம் இருக்கவே கூடாது. பழுக்கும் பழம் விடுகிற எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும், அப்புறம் இலை மட்டும் தளதளவென்று வரும், பூவுக்குக் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பையின் மேல் பெரிதாகப் பெயர் எழுதி ஒட்டுங்கள். டாஃபடில் கிழங்கைப் பார்த்தால் வெங்காயம் போலவே இருக்கும், தின்றால் வாந்தி நிச்சயம்.

பூத்து முடிந்ததும் வாடிய பூவைக் கிள்ளிவிடலாம். இலையைத் தொடாதீர்கள். அது தானாகப் பழுக்க ஆறு வாரம் போல ஆகும், பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்த வருஷத்துப் பூவுக்கான சமையல் அங்கேதான் நடக்கிறது.

சரி, இப்போது வாசனை. இதை முன்கூட்டி யாரும் சொல்வதில்லை. முதல் முறை நான் மூன்று ஹயசிந்த் தொட்டிகளைப் படுக்கையறை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தேன். முதல் நாள் சொர்க்கம். இரண்டாம் நாள் ராத்திரி ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்க, ஜன்னல் சாத்தியிருக்க, தலை விண்விண்ணென்று தெறித்தது, ஆனால் மூக்குக்கு ஒன்றுமே தெரியவில்லை. பத்து நிமிஷம் வெளியே போய் நின்றுவிட்டுத் திரும்ப அறைக்குள் நுழைந்தபோதுதான் வாசனை சுவர் மாதிரி முகத்தில் மோதியது. மூக்கு சீக்கிரம் பழகிவிடும், தலை பழகாது. அதனால் ‘எனக்கு ஒன்றும் தெரியவில்லையே’ என்று வீட்டிலிருப்பவர் சொல்வதை நம்பாதீர்கள், வெளியிலிருந்து வருபவரைக் கேளுங்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதிதான்: மணம் வீசுவதெல்லாம் தொட்டியில், மணம் இல்லாததெல்லாம் மண்ணில். குரோக்கஸையும் பெரும்பாலான துலிப்பையும் எங்கே வேண்டுமானாலும் நடலாம், யாருக்கும் தொந்தரவில்லை. ஹயசிந்த், பேப்பர்வொயிட் என்கிற கொத்து நார்சிஸஸ் (டாஃபடிலின் சொந்தம்தான்), ஓரியண்டல் லில்லி மூன்றும் நகர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே வேண்டாம். மூன்று பக்கமும் சுவர் அடைத்த மூலையும் வேண்டாம், மணம் அங்கேயே தேங்கி நிற்கும். நடந்து போகிற வழியோரம் சரியான இடம், ஒரு மூச்சு இழுத்துவிட்டுக் கடந்து போய்விடலாம். வீட்டுக்குள் என்றால் ஓர் அறைக்கு ஒரு தண்டு, குளிர்ச்சியான அறையாக. சூட்டில் மணம் கூடும், லில்லிக்கு ராத்திரியில் இன்னும் கூடும், தூங்கப் போகும் முன் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

லில்லியின் மகரந்தப் பையைக் கிள்ளிவிட்டால் மணம் போய்விடும் என்பார்கள். துணியில் கறை படியாது, அவ்வளவே, மணம் பெரும்பாலும் இதழிலிருந்துதான் வருகிறது. லில்லியின் அழகு மட்டும் போதும் என்றால் ஏசியாட்டிக் வகையை வாங்குங்கள், அதில் மணம் இல்லையென்றே சொல்லலாம். பூனை இருக்கும் வீட்டில் எந்த லில்லியும் வேண்டாம், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே அதன் சிறுநீரகம் போய்விடும். பேப்பர்வொயிட்டைப் பற்றி வீட்டில் சண்டை போடாதீர்கள். அதன் மணத்தில் இண்டோல் என்கிற வேதிப்பொருள் இருக்கிறது, ஒருவருக்கு மல்லிகை போலப் படுவது இன்னொருவருக்குச் சாக்கடையாகப் படும், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

என் தலையைத் தெறிக்கவிட்ட அந்த மூன்று ஹயசிந்தையும் நான் தூக்கிப் போடவில்லை. இலை பழுத்ததும் தொட்டியிலிருந்து எடுத்து, விதியை மீறி, வேலியோர மண்ணில் நட்டேன். வருஷம் போகப் போகப் பூங்கொத்து தளர்ந்து மணிகள் குறைந்துவிட்டன, மணமும் பாதியாகிவிட்டது. இப்போது ஒரு தண்டு வெட்டிக் கண்ணாடிக் குவளையில் போட்டு மேசையில் வைத்தால் பக்கத்தில் உட்கார்ந்தே வேலை பார்க்க முடிகிறது.