கொலுசுக் கடையின் இணையதளத்துக்கு சைட்மேப் அமைப்பது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் பள்ளப்பட்டியிலும் செய்யும் வெள்ளிக் கொலுசை வெளியூர் வியாபாரிகள் தேடி வந்து வாங்குகிறார்கள். அதே பட்டறைக்காரர் சொந்தமாக இணையதளம் தொடங்கி, ஒவ்வொரு மாடலையும் படமெடுத்துப் போட்ட பிறகும், கூகுளில் முகப்புப் பக்கம் மட்டுமே வருகிறது, மாடல்கள் வருவதில்லை. இந்தக் குறையில் ஒரு பாதியையாவது தீர்க்க சைட்மேப் உதவும்.

சைட்மேப் என்பது உங்கள் தளத்தின் பக்க முகவரிகளைத் தேடுபொறிக்குப் பட்டியலிட்டுக் கொடுக்கும் ஒரு கோப்பு. 2005இல் கூகுள் இதைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே யாஹூவும் மைக்ரோசாஃப்டும் அதே வடிவத்தை ஏற்றுக்கொண்டதால் கூகுளுக்கும் மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்குக்கும் ஒரே கோப்பு போதும். பக்கம் இருக்கிறது என்று தெரிவிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். சைட்மேப் போட்டுக் கொடுத்தால் முதல் இடம் நிச்சயம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எல்லாருக்கும் இது அவசியமும் இல்லை. ஏற்காட்டில் நான்கு அறைகளை வாடகைக்கு விடுபவரின் தளத்தில் எட்டுப் பத்துப் பக்கங்கள்தான் இருக்கும். எல்லாமே மெனுவிலிருந்து திறக்கும். சுமார் 500 பக்கங்களுக்கு உட்பட்டு, உள் இணைப்புகள் ஒழுங்காக இருக்கும் தளத்துக்கு சைட்மேப் தேவைப்படாமல் போகலாம் என்று கூகுளே சொல்கிறது. அவர் அந்த நேரத்தில் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருபவருக்கு வழியைத் தெளிவாக எழுதலாம். மாடல்கள் குவிந்துகொண்டே போகும் கொலுசுத் தளத்துக்குத்தான் இது கட்டாயம் வேண்டும்.

முதல் படி: இருக்கிறதா என்று பாருங்கள்

உங்கள் தள முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடு இட்டு, சைட்மேப்.எக்ஸ்எம்எல் என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். ஷாப்பிஃபை, விக்ஸ் போன்ற, இணையதளம் அமைத்துத் தரும் சேவைகள் கோப்பைத் தாமாகவே உருவாக்கிவிடும். தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸிலும் 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. யோஸ்ட் போன்ற செருகுநிரலை (வேர்ட்பிரஸில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு மென்பொருள்) நிறுவினால் அது தன் சொந்த சைட்மேப்பைத் தரும். இரண்டு செருகுநிரல்களைப் போட்டு இரண்டு பட்டியல்களை உருவாக்க வேண்டாம்.

இரண்டாம் படி: பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள்

உண்மையான வேலை இதுதான். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள்.

கொலுசுத் தளத்தில் எடை வாரியாக, விலை வாரியாக, புதியது முதலில் என்று வரிசைப்படுத்தும் வசதி இருக்கும். வாடிக்கையாளர் ஒவ்வொரு முறை வரிசையை மாற்றும்போதும் புதிய முகவரி உருவாகலாம். உள்ளே இருப்பதோ அதே கொலுசுகள். இந்த முகவரிகளெல்லாம் சைட்மேப்பில் ஏறினால், தேடுபொறி ஒரே சரக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கும். புது மாடலுக்கு வந்து சேர நாளாகும். ஒரு மாடலுக்கு ஒரு முகவரி போதும். பணம் செலுத்தும் பக்கம், வாடிக்கையாளர் கணக்குப் பக்கம், நீக்கிவிட்ட மாடல், வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடும் பழைய முகவரி, தேடலில் காட்ட வேண்டாம் என்று நீங்களே குறித்த பக்கம் ஆகிய எதுவும் பட்டியலில் இருக்கக் கூடாது.

ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை, சுருக்காத நிலையில் 50 எம்பி வரை இடம் உண்டு. பட்டறைத் தளம் எதுவும் அந்த எல்லையைத் தொடுவது அரிது.

மூன்றாம் படி: தேதியை உண்மையாகப் போடுங்கள்

ஒவ்வொரு முகவரியோடும் அந்தப் பக்கம் கடைசியாக மாறிய தேதியைக் குறிக்கலாம். தேதி தொடர்ந்து சரியாக இருந்தால் கூகுள் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. முக்கியத்துவம், மாறும் இடைவெளி என்ற மற்ற இரண்டு குறிப்புகளை அது பொருட்படுத்துவதே இல்லை. தளத்தின் மேல் பட்டையில் அன்றைய வெள்ளி விலை மட்டும் மாறியதற்காக எல்லாப் பக்கங்களுக்கும் இன்றைய தேதியைப் போடாதீர்கள். எல்லாமே தினமும் மாறியதாகச் சொல்லும் கோப்பின் தேதியை நம்ப கூகுளுக்குக் காரணம் இல்லை.

நான்காம் படி: தெரிவியுங்கள்

தள உரிமையாளர்களுக்காக கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் தளத்தைச் சேர்த்து, அது உங்களுடையது என்று உறுதிசெய்யுங்கள். இடப்பக்க மெனுவில் சைட்மேப்ஸ் பகுதிக்குப் போய் கோப்பின் முகவரியைக் கொடுத்தால் போதும். எந்தப் பக்கங்களைப் பார்க்கலாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பிலும் சைட்மேப்பின் முழு முகவரியை ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். மற்ற தேடுபொறிகளும் அதிலிருந்து தெரிந்துகொள்ளும். பிங்கின் வெப்மாஸ்டர் பக்கத்தில் தனியாகச் செய்ய வேண்டியதில்லை, சர்ச் கன்சோலில் உள்ளதையே அங்கே கொண்டுவந்துவிடலாம். புது மாடல் சேர்க்கும்போதெல்லாம் மறுபடி சமர்ப்பிக்கவும் வேண்டாம்.

ஐந்தாம் படி: அறிக்கையைப் படியுங்கள்

சர்ச் கன்சோலில் கோப்பையே எடுக்க முடியவில்லை என்று வந்தால் முகவரியில் எழுத்துப் பிழை இருக்கிறதா, ரோபாட்ஸ் கோப்பு தடுக்கிறதா என்று பாருங்கள். வேர்ட்பிரஸில் தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் பெட்டி, தளம் கட்டிய நாளிலிருந்து டிக் செய்யப்பட்டபடியே கிடக்கலாம். வாசிப்பு அமைப்புகளில் அதை எடுத்துவிடுங்கள்.

கோப்பு வெற்றிகரமாக ஏறிய பின் அங்கேயே பேஜஸ் அறிக்கையைத் திறந்து, உங்கள் சைட்மேப்பை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். கண்டறியப்பட்டும் இன்னும் சேர்க்கப்படாத பக்கங்கள் அங்கே தெரியும். அந்த மாடல்களுக்கு வகைப் பக்கத்திலிருந்து இணைப்பு கொடுங்கள். படத்தை மட்டும் போட்டு விட்டிருந்தால் எடை, நீளம், டச் (வெள்ளியின் தூய்மை அளவு), திருகாணியா கொக்கியா, சலங்கை உண்டா என்பதையெல்லாம் எழுத்தில் சேருங்கள். கடைக்கு நேரில் வருபவர் கையில் எடுத்துப் பார்த்துக் கேட்கும் கேள்விகள்தான் அவை.