சுண்டெலிக் குருதிப் புரதம்: ஊசி எடுக்கும் முன்னரே நடக்கும் தவறுகள்

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ இறுதியாண்டு ஆய்வுக்கென்று மூலிகைச் சாறு கொடுத்துச் சுண்டெலியின் குருதிப் புரதங்களை அளக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெரிய தவறு, எந்த ஸ்ட்ரெயின் (ஒரே மரபணுவமைப்போடு வளர்த்த எலி வகை) என்று பாராமல் எலைசா கிட் (புரத அளவை நிறமாற்றத்தால் காட்டும் சோதனைப் பெட்டி) வாங்குவது. பல்ப்/சி என்ற வெள்ளை எலியிடம் ஐஜிஜி2ஏ என்ற பிறபொருளெதிரி உண்டு. சி57பிஎல்/6 என்ற கறுப்பு எலியிடம் அதற்கான மரபணுவே கிடையாது. அந்த இடத்தில் ஐஜிஜி2சி இருக்கிறது. கறுப்பு எலியின் சீரத்தை (குருதி உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) ஐஜிஜி2ஏ கிட்டின் தட்டில் விட்டால் குழிகள் நிறமே மாறாமல் கிடக்கும், இல்லையென்றால் அரைகுறையாக மஞ்சள் பிடிக்கும். உடனே "சாறு நோயெதிர்ப்பை அடக்கிவிட்டது" என்று எழுதக் கை துருதுருக்கும். அடக்குவதற்கு அங்கே என்ன இருந்தது? டிபிஏ/2 என்ற இன்னொரு ஸ்ட்ரெயினில் கொம்ப்ளிமென்ற் (கிருமிகளை அழிக்க உதவும் குருதிப் புரதங்கள்) வகையான சி5 தேடுவதும் இதே கதைதான். மரபணுவில் இரண்டே எழுத்துகள் விடுபட்டுப் போனதால் அதன் குருதியில் சி5 இல்லை.

அழற்சி பார்க்க வேண்டுமென்றால் மனிதரில் சிஆர்பி என்ற புரதத்தை அளக்கிறோம். எலியில் அது பெரிதாக ஏறாது, ஏறுவது எஸ்ஏபி என்ற வேறொரு புரதம். அதுகூட நோயில்லாத டிபிஏ/2 எலியில் கூடுதலாகவும் சி57பிஎல்/6 எலியில் குறைவாகவும் இருக்கும். ஆகவே வேறொரு ஸ்ட்ரெயினில் வந்த "சாதாரண அளவை" எடுத்து ஒப்பிட வேண்டாம்.

ஆண், பெண் விசயத்துக்கு வருவோம். ஆண் எலியின் ஈரல் எம்யூபி எனப்படும் சிறு புரதங்களை ஏராளமாகச் செய்து குருதியில் விடும். அவை சிறுநீரோடு வெளியேறும். பெண்ணில் இது குறைவு. இது தெரியாமல் ஆண் எலியின் சிறுநீரில் புரதம் கண்டதும் சிறுநீரகம் பழுது என்று முடிவுகட்டுகிறார்கள். அங்கே மொத்தப் புரதத்தை விட்டு அல்புமினை அளக்க வேண்டும்.

பெண்ணுக்கு நாலைந்து நாள் வேட்கை வட்டம் (இனப்பெருக்க ஹோர்மோன் சுழற்சி) இருப்பதால் அளவு தாறுமாறாகும், ஆணே போதும் என்பார்கள். 2014இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது பெண் எலிகளின் அளவுகள் ஆணைவிடக் கூடுதலாக ஏறி இறங்கவில்லை. ஒரே கூட்டில் அடைத்த ஆண்களோ கடிபடுவார்கள், காயம் பட்டால் அழற்சிப் புரதம் ஏறும். அப்புறம் அதையும் சாற்றின் தலையில் போடுவதா? வால் அடியையும் முதுகையும் பார்த்துக் குறித்து வையுங்கள்.

கட்டுப்பாட்டுக் குழுவில் ஆண், சாறு கொடுத்த குழுவில் பெண் என்று பிரிப்பதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

கொம்ப்ளிமென்ற் செயற்பாடு பார்ப்பதென்றால் ஈடிடிஏ (குருதி உறையாமல் தடுக்கும் பொருள்) இட்ட குழாய் வேண்டாம். அது கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், தாக்கம் நடக்காது. பிரித்த சீரத்தை மட்டக்களப்பு வெக்கையில் மேசையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகவும் வேண்டாம், உடனே ஐஸில் வையுங்கள்.

25 கிராம் எலியில் மொத்தக் குருதியே ஏறத்தாழ 2 மில்லிலீற்றர். உயிரோடு வைத்திருக்கும் எலியில் ஒரு தடவைக்கு அதில் பத்திலொன்று, அதாவது 0.2 மில்லிலீற்றர்தான் எடுக்கலாம். சீரமாகக் கிடைப்பது அதில் பாதியளவுதான். ஆறு எலைசா செய்ய நினைத்திருந்தால், எதை விடுவது என்று இப்போதே மேற்பார்வையாளரோடு பேசிவிடுங்கள்.