பெண்கள் எழுதிய நாடகத்தில் அரசியலைக் கண்டுபிடிப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், நாடகத்தைக் கையில் எடுத்ததும் கதையைத்தான் தேடுகிறார்கள். நான் முதலில் ஆண்டைப் பார்க்கச் சொல்வேன். அந்த ஆண்டில் எந்தச் சட்டம் யாரைக் கட்டிப்போட்டிருந்தது என்பதைப் பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபாத்திமா டிகேயின் 'கிரேலியின் பலி' 1976-இல் கேப் டவுனில் மேடையேறியது. ஆங்கிலேயரிடம் தோற்றும் பணியாத கோசா இன மன்னனின் கதை. சொவெட்டோவில் போராடிய கறுப்பின மாணவர்கள் போலீஸால் சுடப்பட்டதும் அதே ஆண்டுதான். அப்போதைய நிறவெறி ஆட்சியில் வெவ்வேறு இனத்தவர் ஒரே அரங்கில் சேர்ந்து உட்கார அரசின் அனுமதி வேண்டும். பழைய மன்னனின் கதை அந்த ஆண்டில் யாரைக் குறித்தது என்று இனி உங்களுக்கே புரியும்.

அடுத்து வீட்டுக்குள் பாருங்கள். ஜீனா ம்லோபேயின் 'ஸண்டிலேயைப் பார்த்தீர்களா?' 1986-இல் வந்தது, அரசு நாடு முழுக்க நெருக்கடி நிலை அறிவித்த ஆண்டு. ஆனால் நாடகத்தில் போலீஸைத் தேடாதீர்கள். பாட்டியிடம் வளர்ந்த சிறுமியைப் பிரித்து, கறுப்பினத்தவருக்கென அரசு ஒதுக்கிய டிரான்ஸ்கைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே அவள் படிப்பையும் கல்யாணத்தையும் யார் முடிவு செய்கிறார்கள் என்று கவனியுங்கள், அதிகாரம் அங்கேதான் இருக்கிறது.

நம் ஆட்கள் நின்று வாசிக்க வேண்டியது முத்தால் நாயுடுவின் 'மகாபாரதத்திலிருந்து தப்பித்தல்'. திரௌபதியும் மற்றப் பெண்களும் இதிகாசத்தை விட்டே வெளியேறிவிடுகிறார்கள். நேட்டாலில் திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கிற குடும்பங்கள் உண்டு. என் ஆயாவும் விரதம் இருந்தவர். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவருக்கு இது சும்மா கற்பனை இல்லை, நெஞ்சில் தைக்கும். பொறுமையும் கற்பும் பெண்ணுக்கு அழகு என்று சொல்லிச் சொல்லி வளர்த்த கதையும் ஓர் அரசியல்தான். எந்தச் சட்டமும் இல்லாமலே அது நடந்தது. இந்த நாடகத்தை வாய்விட்டுப் படியுங்கள், அதுவும் பெண்களே சேர்ந்து. எந்த இடத்தில் குரல் தடுமாறுகிறதோ அங்கே நிறுத்திப் பேசுங்கள், அதற்கு ஒரு மாலை முழுக்கப் போனாலும் பரவாயில்லை.

அப்புறம் எழுதியவரையும் கேள்வி கேளுங்கள், எவ்வளவு பிடித்தவராக இருந்தாலும் சரி. இந்த மேடையில் வாய் திறக்காத பெண் யார்? சமையலறையில் வேலை செய்பவளுக்குப் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் அதையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.